பை வைத்த குரோஷா சுவர்த் தொங்கல்: பாரத்தில் தொய்யாமல் பின்னும் முறை

வாசற்கதவை ஒட்டிய சுவரில் மாட்டுவதற்காக நான் முதன்முதலில் பின்னிய தொங்கல் மூன்றே வாரத்தில் வாயைப் பிளந்துகொண்டது. மாட்டிய அன்று பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். அதற்குப் பிறகு வீட்டுச் சாவிக் கொத்து, ஸ்கூட்டர் சாவி, மூக்குக் கண்ணாடிக் கூடு, மின்வாரிய அட்டை, கூரியரில் வந்த உறைகள் என்று ஒவ்வொன்றாக அதற்குள் போய்ச் சேர, பையின் வாய் முன்பக்கமாகத் தொங்கி, உறைகள் தரையில் விழத் தொடங்கின. பையைக் காலி செய்து, உள்ளே இருந்தவற்றைச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தபோது 640 கிராம் காட்டியது. அழகுக்கென்று எழுதப்பட்ட ஒரு பின்னல் குறிப்பை அப்படியே பின்பற்றிவிட்டு, அதன்மேல் அரைக் கிலோவுக்கும் மேலான பாரத்தை ஏற்றியது என் தவறுதான்.

ஆகவே இந்த வழிகாட்டி தராசிலிருந்து தொடங்குகிறது. உங்கள் பையில் என்னென்ன இருக்கப்போகின்றனவோ அவற்றை ஒரு தட்டில் வைத்து எடை பாருங்கள். 200 கிராமுக்குள் அடங்கினால், அதாவது கடிதங்களும் ரசீதுகளும் மட்டும் என்றால், கீழே வரும் நாடா வேலையை விட்டுவிடலாம். அதைத் தாண்டினால் ஒரு படியையும் விட வேண்டாம். இங்கே தரும் அளவுகளின்படி தொங்கல் 28 செ.மீ. அகலமும், குஞ்சம் நீங்கலாக ஏறத்தாழ 36 செ.மீ. நீளமும் கொண்டதாக வரும். பையின் ஆழம் 15 செ.மீ.

நூலும் ஊசியும்

பருத்தி நூலையே வாங்குங்கள். அக்ரிலிக் உல்லன் விலை குறைவு, நிறங்களும் அதிகம், ஆனால் அது மீள்தன்மை கொண்டது. பாரம் ஏற ஏற இழுபட்டுக்கொண்டே போகும். திருப்பூர் பனியன் கழிவுத் துணியை நாடாவாக வெட்டி விற்கும் நூல் தரை விரிப்புக்கும் கூடைக்கும் மிகவும் ஏற்றது. தொங்கவிடும் வேலைக்கு அது தன் எடையாலேயே இறங்கிவிடும். சணல் கயிறு பார்வைக்கு நன்றாக இருந்தாலும் தும்பு உதிர்க்கும், மழைக்காலத்தில் பூசணமும் பிடிக்கும். 4 மி.மீ. ஊசிக்கு ஏற்ற தடிமனில், முறுக்கு நன்றாக ஏறிய பருத்தி நூல் 250 கிராம் இருந்தால் குஞ்சம் உட்பட எல்லாவற்றுக்கும் போதும். சென்னையில் பாரிமுனை, சவுகார்பேட்டைப் பக்கத்து மொத்தக் கடைகளில் வாங்குவதானால், தேவையான முழு நூலையும் ஒரே சாயத் தொகுதியில் கேட்டு வாங்கிவிடுங்கள். இரண்டு வாரம் கழித்துப் போய்க் கேட்டால் அதே நிறம் கொஞ்சம் மங்கலாகவோ அழுத்தமாகவோதான் கிடைக்கும்.

இத்துடன் 4 மி.மீ., 3.5 மி.மீ. ஆகிய இரண்டு குரோஷா ஊசிகள், பெரிய காதுள்ள தையல் ஊசி ஒன்று, நான்கைந்து ஊக்குகள், ஒரு மீட்டர் பருத்திப் பாவாடை நாடா, பழைய வேட்டியோ காடாத் துணியோ ஒரு துண்டு, 34 செ.மீ. நீளமுள்ள கம்பு ஒன்று தேவைப்படும். கம்பின் விட்டம் 1.2 செ.மீ.க்கு மிகக்கூடாது. திரைச்சீலை மாட்டும் மரக்கம்பு எளிதில் கிடைக்கும். எனக்குப் பிடித்தது சவுக்குக் கிளை. பட்டையை உரித்து, நான்கு நாள் வெயிலில் காயவைத்து, உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டால் அதன் சிறு முண்டுகளே ஓர் அழகாக இருக்கும். மூங்கில் என்றால் வார்னிஷ் அடிக்காமல் பயன்படுத்தாதீர்கள். உளுத்துப்போய், ஒரு நாள் காலையில் கீழே மாவு கொட்டிக் கிடக்கும்.

பெயர்க் குழப்பம் ஒன்றை இப்போதே தீர்த்துவிடுவது நல்லது. நம் வீடுகளில் உள்ள பழைய கைவேலைப் புத்தகங்கள் பெரும்பாலும் பிரிட்டன் முறைப் பெயர்களைச் சொல்பவை. இன்று காணொளிகளில் கேட்பவை பெரும்பாலும் அமெரிக்க முறைப் பெயர்கள். அமெரிக்கர் சிங்கிள் குரோஷே என்பதைத்தான் பிரிட்டன் முறையில் டபுள் குரோஷே என்கிறார்கள். அமெரிக்க டபுள், பிரிட்டன் முறையில் ட்ரெபிள். இந்தக் கட்டுரையில் ‘ஒற்றைப் பின்னல்’ என்பது, ஊசியைக் கண்ணிக்குள் விட்டு நூலை இழுத்து, ஊசியில் இரண்டு வளையங்கள் இருக்கும்போது மீண்டும் நூலைச் சுற்றி இரண்டின் வழியாகவும் ஒரே மூச்சில் இழுப்பது. ‘இரட்டைப் பின்னல்’ என்பது, முதலிலேயே நூலை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு நுழைத்து, பின்பு இரண்டிரண்டு வளையங்களாக இருமுறை இழுப்பது. தொங்கல் முழுவதும் ஒற்றைப் பின்னல்தான். இரட்டைப் பின்னல் குமிழ்களுக்குள் மட்டும் வரும்.

அளவுத் துண்டு

20 கண்ணிகளும் 22 வரிசைகளும் கொண்ட சிறு சதுரம் ஒன்றை 4 மி.மீ. ஊசியால் பின்னி, தண்ணீரில் நனைத்துக் காயவைத்து, நடுப்பகுதியை அளந்து பாருங்கள். 10 செ.மீ.யில் 16 பின்னல்களும் 18 வரிசைகளும் வந்தால் என் கணக்கு உங்களுக்குப் பொருந்தும். 14 தான் வருகிறது என்றால் உங்கள் கை தளர்வு, ஊசியை 3.5 மி.மீ.க்கு மாற்றி, பையின் வாய்க்கு 3 மி.மீ. எடுத்துக்கொள்ளுங்கள். கைக்குக் கை இறுக்கம் மாறும் என்பதைக் குழுவாகப் பின்னுகிறவர்கள் நன்கு அறிவார்கள். 2016 ஜனவரி 31 அன்று ‘மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்’ குழு இதே சென்னையில் விரித்துக் கின்னஸ் சாதனை படைத்த 11,148.5 சதுர மீட்டர்ப் போர்வை, எத்தனையோ கைகள் பின்னிய துண்டுகளை இணைத்ததுதான். துண்டுகள் அளவொத்து வராவிட்டால் அப்படி இணைத்திருக்க முடியாது.

அளந்த துண்டை வீசிவிட வேண்டாம். மேல்முனையைக் கொடியில் இரண்டு கிளிப்புகளால் மாட்டி, கீழ்முனையில் அரைக் கிலோ உப்புப் பாக்கெட்டைக் கட்டி ஓர் இரவு விடுங்கள். காலையில் ஒரு செ.மீ.க்கு மேல் நீண்டிருந்தால் உங்கள் பின்னல் இன்னும் இறுக வேண்டும்.

கம்பு மடிப்பும் கோலமும்

46 சங்கிலி (ஊசியில் உள்ள வளையத்தின் வழியே நூலை ஒவ்வொரு முறையாக இழுத்துப் போடும் தொடக்கக் கண்ணிகள்) போட்டு, ஊசியிலிருந்து இரண்டாவது சங்கிலியில் தொடங்கி 45 ஒற்றைப் பின்னல்கள் போடுங்கள். இது முதல் வரிசை. ஒவ்வொரு வரிசை முடிவிலும் ஒரு சங்கிலி போட்டுத் திருப்பி, முதல் பின்னலிலேயே தொடங்க வேண்டும். புதியவர்களுக்கு 45 என்பது 43 ஆகி, தொங்கல் கீழே போகப் போகக் கூம்புவது இந்த இடத்தில்தான். கடைசிக் கண்ணி மூலையில் ஒளிந்துகொண்டு கண்ணுக்குப் படாது. ஒவ்வொரு வரிசையிலும் முதல் பின்னலிலும் கடைசிப் பின்னலிலும் ஓர் ஊக்கை மாட்டிவிட்டால் எண்ண வேண்டிய வேலையே இராது.

8 வரிசைகள் முடிந்ததும் திருப்பி, தொடக்கச் சங்கிலி விளிம்பைப் பின்பக்கமாக மேலே தூக்கி, 8-ஆம் வரிசையோடு சேர்த்துப் பிடியுங்கள். 9-ஆம் வரிசையில் ஒவ்வொரு பின்னலையும் போடும்போது ஊசியை முதலில் 8-ஆம் வரிசைக் கண்ணியிலும், பிறகு அதற்கு நேர் பின்னால் உள்ள சங்கிலிக் கண்ணியிலும் நுழைத்து, இரண்டையும் சேர்த்துப் பின்ன வேண்டும். பாவாடையில் நாடா கோக்கும் மடிப்பைப் போல ஒரு குழல் கிடைக்கும். கம்பு அதற்குள் நுழையும். கம்பைத் தனித்தனி வளையங்களில் தொங்கவிடும் குறிப்புகளும் உண்டு. அவற்றில் பாரம் ஐந்தாறு புள்ளிகளில் விழுந்து மேல்விளிம்பு அலையலையாகிவிடும். குழலில் அது 45 கண்ணிகளுக்கும் பகிர்ந்துபோகும்.

9-ஆம் வரிசையைப் போடும்போது உங்களைப் பார்க்கும் பக்கமே தொங்கலின் முகப்பு. இனி ஒற்றைப்படை வரிசைகளில் முகப்பும், இரட்டைப்படை வரிசைகளில் பின்புறமும் உங்களை நோக்கி இருக்கும். 10 முதல் 13 வரை வெறும் ஒற்றைப் பின்னல்.

அலங்காரத்துக்கு நான் எடுத்துக்கொண்டது ஊடுபுள்ளிக் கோலம். வாசலில் புள்ளி வைக்கும் அதே முறையில், ஒரு வரிசைப் புள்ளிகளின் இடைவெளிக்கு நேரே அடுத்த வரிசைப் புள்ளி வரும். 1, 2, 3, 4, 3, 2, 1 என்று ஏழு வரிசையில் ஒரு வைர வடிவம் எழும். கோலமாவுப் புள்ளிக்குப் பதிலாக இங்கே குமிழ். குமிழ் போட வேண்டிய கண்ணியில் இரட்டைப் பின்னலைத் தொடங்கி, கடைசி இழுப்பை மட்டும் விட்டு நிறுத்துங்கள். அதே கண்ணியில் இப்படி ஐந்து முறை செய்தால் ஊசியில் ஆறு வளையங்கள் சேரும். நூலைச் சுற்றி ஆறின் வழியாகவும் ஒரே இழுப்பாக இழுத்துவிட்டு, அடுத்த கண்ணியில் இறுக்கமாக ஓர் ஒற்றைப் பின்னல் போடுங்கள். அந்த இறுக்கம்தான் குமிழைப் புடைக்கச் செய்யும். குமிழ் எப்போதும் பின்னுகிறவருக்கு எதிர்ப்பக்கமே புடைக்கும். அதனால்தான் எல்லாக் குமிழ்களும் இரட்டைப்படை வரிசைகளில் வருகின்றன. ஒரு குமிழ் உங்கள் பக்கம் உட்கார்ந்துவிட்டால் விரலால் தள்ளி மறுபுறம் அனுப்பலாம், ஒன்றும் கெட்டுவிடாது.

புள்ளிகளின் இடம் இதுதான். 14-ஆம் வரிசையில் 23-ஆவது கண்ணியில் ஒரு குமிழ். 18-இல் 20, 26 ஆகிய கண்ணிகள். 22-இல் 17, 23, 29. 26-இல் 14, 20, 26, 32. பிறகு வந்த வழியே திரும்பி, 30-ஆம் வரிசை 22-ஐப் போலவும், 34-ஆம் வரிசை 18-ஐப் போலவும், 38-ஆம் வரிசை 14-ஐப் போலவும் வரும். இடையில் உள்ள வரிசைகளும் அதன் பின்னர் 42 வரையும் வெறும் பின்னல். இந்த எண்கள் இரு ஓரங்களிலிருந்தும் சமதூரத்தில் அமைந்திருப்பதால், வலமிருந்து எண்ணினாலும் இடமிருந்து எண்ணினாலும் ஒன்றே. வைரம் ஏறத்தாழ 11 செ.மீ. அகலமும் 13 செ.மீ. உயரமும் கொண்டதாக நடுவில் நிற்கும். குமிழ்களைச் சுற்றி வேறு நிற நூலால் சிக்குக் கோலம்போல் வளைத்துத் தைக்கலாம் என்று முயன்று பார்த்தேன். தூரத்திலிருந்து பார்க்கும்போது கோலமாகத் தெரியவில்லை, நூல் பிரிந்து தொங்குவதுபோல் தெரிந்தது, பிரித்துவிட்டேன்.

பை

43 முதல் 70 வரை 28 வரிசைகள் வெறும் ஒற்றைப் பின்னல். இது பையின் முதுகு. இங்கே நூலை வெட்டாமல் தொடருங்கள். பலர் பையைத் தனித் துண்டாகப் பின்னி மூன்று பக்கமும் தைக்கிறார்கள். அப்போது அடிப்பக்கத் தையல் ஒன்று உண்டாகி, சாவிக் கொத்து முழுவதும் அதன்மேல் உட்கார்ந்துகொள்கிறது. என் முதல் தொங்கலில் முதலில் விட்டுப்போனதும் அந்தத் தையல்தான். தொடர்ந்து பின்னி மேல்நோக்கி மடித்துவிட்டால் அடியில் தையலே இல்லை. மடிப்புக் கோடு கூர்மையாக விழ வேண்டும் என்று 71-ஆம் வரிசையைக் கண்ணியின் ஒரு இழையில் மட்டும் பின்னச் சொல்வார்கள். நான் அதைச் செய்வதில்லை. பாரம் விழுகிற இடத்தில் இரண்டு இழைகளும் இருக்கட்டும். ஒற்றைப் பின்னல் தானாகவே நன்றாக மடியும், இரு முகமும் ஒன்றுபோலவே இருக்கும்.

71, 72 வரிசைகள் வெறும் பின்னல். 73-இல் ஆறு பின்னல்கள் போட்டு ஏழாவது கண்ணியில் இரண்டு பின்னல்கள் போடுங்கள். இதை ஆறு முறை செய்து, மீதமுள்ள மூன்று கண்ணிகளில் ஒவ்வொன்று போட்டால் 51 ஆகும். பைக்குச் சற்று வயிறு வைப்பதற்காகத்தான் இது. இல்லாவிட்டால் கண்ணாடிக் கூடு உள்ளே போனதும் பக்கங்கள் இழுத்துக்கொண்டு தொங்கலே முன்னால் வளையும். 74 முதல் 94 வரை 51 பின்னல்களோடு போங்கள். 95-இல் ஆறு பின்னல்கள் போட்டு அடுத்த இரண்டு கண்ணிகளை ஒன்றாகச் சேர்த்துப் பின்னுங்கள். இதையும் ஆறு முறை செய்து, மீதி மூன்றையும் பின்னினால் மீண்டும் 45. ஊசியை 3.5 மி.மீ.க்கு மாற்றி 96, 97, 98 ஆகிய மூன்று வரிசைகளைப் பின்னி, கடைசியாக வாய் விளிம்பு முழுவதும் ஸ்லிப் ஸ்டிச் ஒன்றை ஓட்டுங்கள், அதாவது ஊசியைக் கண்ணிக்குள் விட்டு நூலைச் சுற்றி, கண்ணி, ஊசியில் உள்ள வளையம் இரண்டின் வழியாகவும் ஒரே இழுப்பாக இழுங்கள். ஸ்லிப் ஸ்டிச் ஏறக்குறைய இழுபடாது. அதை மட்டும் செய்திருந்தாலே என் முதல் பை இன்னும் சில மாதங்கள் தாக்குப்பிடித்திருக்கும்.

இப்போது 70-ஆம் வரிசையில் முன்பக்கமாக மேலே மடித்து, பையின் வாய் 43-ஆம் வரிசைக்கு நேரே வருமாறு ஊக்கு குத்திக்கொள்ளுங்கள். மடிப்பு மூலையில் தொடங்கி, இரண்டு அடுக்குகளையும் சேர்த்து ஓரத்தில் ஒற்றைப் பின்னல் போட்டுக்கொண்டே மேலே வாருங்கள். ஓரத்தில் வரிசைக்கு ஒரு பின்னல் என்று போட்டால் விளிம்பு சுருள் சுருளாக அலையும்; 9 வரிசைகளுக்கு 8 பின்னல்கள் என்பதே சரியான கணக்கு. பையின் வாய் வரும் மூலையில் ஒரே இடத்தில் மூன்று பின்னல்கள் போட்டு, பிற்பாடு தையல் ஊசியாலும் இரண்டு முறை குறுக்கே கட்டிவிடுங்கள். அதற்கு மேலே முதுகின் ஓரத்தை மட்டும் பின்னிக்கொண்டு 9-ஆம் வரிசை வரை போய் நூலை முடியலாம். அதைத் தாண்டிப் போனால் கம்பு நுழையும் வாய் மூடிக்கொள்ளும். மறுபக்கமும் இப்படியே.

நாடாவும் உள்துணியும்

குரோஷா எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் அது கண்ணிகளால் ஆனது. கண்ணி பாரத்துக்கு நெகிழும். நெய்த நாடா நெகிழாது. ஆகவே பாரத்தை நாடாவிடம் ஒப்படைத்துவிட்டுப் பின்னலை அழகுக்கு விட்டுவிடுவது என்று முடிவு செய்ததிலிருந்துதான் என் தொங்கல்கள் நேராக நிற்கின்றன.

நாடாவையும் உள்துணியையும் முதலில் நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட்டுக்கொள்ளுங்கள். காடாத் துணி முதல் நனைப்பில் நன்றாகவே சுருங்கும். நாடாவில் 36 செ.மீ. நீளத்துக்கு இரண்டு துண்டுகள் வெட்டி, இரு முனைகளிலும் ஒவ்வொரு செ.மீ. மடித்தால் 34 செ.மீ. நிற்கும். தொங்கலைக் குப்புற வைத்து, ஓரத்திலிருந்து 6 செ.மீ. உள்ளே, ஒவ்வொரு பக்கமும் ஒரு நாடாவை 9-ஆம் வரிசையின் இரட்டை மடிப்பிலிருந்து அடி மடிப்புவரை தையுங்கள். முதுகின் நீளம் 34 செ.மீ.யைவிட அரை செ.மீ. அளவு கூடுதலாக இருக்கும். அந்த மிச்சத்தை இழுத்து நேர்செய்யாமல் அப்படியே பரவலாகத் தளர விட்டுத் தையுங்கள். நாடா கொஞ்சம் குட்டையாக இருந்தால்தான் பாரம் முதலில் அதற்குப் போகும். இரு முனைகளிலும் கெட்டித் தையல். நடுவில் நான்கு செ.மீ.க்கு ஒரு சிறு தையல் போதும்.

உள்துணியை 29 செ.மீ. அகலம், 30 செ.மீ. நீளத்தில் வெட்டி, பாதியாக மடித்து இரு பக்கமும் ஒவ்வொரு செ.மீ. விட்டுத் தைத்து, வாயை ஒரு செ.மீ. மடித்தால், பைக்குள் சரியாக உட்காரும் சிறு பை கிடைக்கும். அதன் வாயைப் பின்னல் பையின் வாய்க்கு ஒரு செ.மீ. கீழே சுற்றிலும் தைத்துவிடுங்கள். முக்கியமான தையல் அடியில் இருக்கிறது: உள்துணியின் அடியை, நாடா முடியும் அந்த இரண்டு இடங்களிலும், பின்னலை ஊடுருவி நாடாவோடு சேர்த்துக் கட்ட வேண்டும். சாவியின் எடை துணிக்குப் போய், துணியிலிருந்து நாடாவுக்குப் போய், நாடாவிலிருந்து கம்புக்குப் போகும்.

குஞ்சத்துக்கு 32 செ.மீ. நீளத்தில் 45 இழைகள் வெட்டி, மும்மூன்றாகச் சேர்த்து 15 குஞ்சங்கள் ஆக்குங்கள். அடி மடிப்பில் 2-ஆவது கண்ணியில் தொடங்கி மூன்று கண்ணிக்கு ஒன்றாக, 44-ஆவது கண்ணிவரை, இழைகளை நடுவில் மடித்து ஊசியால் இழுத்து முடிச்சிட்டு, நனைத்துச் சீவிக் காயவைத்த பிறகு ஒரே மட்டமாக வெட்டுங்கள். காயுமுன் வெட்டினால் சுருங்கி ஏற்ற இறக்கமாகும்.

சுவரில் மாட்டுதல்

ஒரே ஆணியில் கயிறு கட்டி முக்கோணமாகத் தொங்கவிடும் படங்களைப் பார்த்து ஏமாற வேண்டாம். கயிறு எவ்வளவு தட்டையாக நிற்கிறதோ அவ்வளவுக்கு இழுவை கூடி, மெல்லிய கம்பு நடுவில் வளையும். கம்பின் இரு முனைகளும் நேராக உட்காருமாறு இரண்டு கொக்கிகள் அடியுங்கள். சொந்த வீடென்றால் 6 மி.மீ. துளையிட்டு ரால் பிளக் வைத்துத் திருகாணி போடுவதே உத்தமம். வாடகை வீட்டில் ஆணி அடிக்க விடாத உரிமையாளர்கள் இருப்பதால் ஒட்டும் கொக்கியைத் தேடுவோம். டிஸ்டெம்பர் அடித்த சுவரில் அது பூச்சையும் பெயர்த்துக்கொண்டு விழும். பொருள்களோடு தொங்கல் ஒரு கிலோவை நெருங்கும் என்பதால், ஒட்டும் கொக்கியை டைல்ஸ் மீதோ, பெயின்ட் அடித்த மரக்கதவின் உட்புறத்திலோ மட்டும் நம்பலாம்.

பெசன்ட் நகர், திருவான்மியூர் போலக் கடலுக்கு அருகே இருப்பவர்கள் சாதாரண இரும்பு ஆணியைத் தொடவே வேண்டாம். உப்புக் காற்றில் துருவேறி, அந்தச் சிவப்புக் கறை பருத்தியில் ஊறிவிட்டால் போகாது. பித்தளையோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓதம் ஏறும் வெளிச்சுவரைத் தவிர்த்து, உட்சுவரில் மாட்டுவது நல்லது. வேறு இடமே இல்லை என்றால், தொங்கலின் கீழ் மூலைகள் இரண்டிலும் பின்புறமாகப் பெரிய மரமணி ஒவ்வொன்றைத் தைத்துவிடுங்கள்; சுவருக்கும் பின்னலுக்கும் இடையே காற்றோடும்.

துவைக்கும்போது கம்பை உருவிவிட்டு, குளிர்ந்த தண்ணீரில் மென்மையான சோப்பில் அலசி, முறுக்காமல் துண்டில் சுருட்டி அழுத்தி ஈரத்தை எடுங்கள். சிவப்பு, கருநீலம் போன்ற நிறங்களை முதலில் ஈர வெள்ளைத் துணியால் ஒற்றிச் சாயம் போகிறதா என்று பாருங்கள். கொடியில் மட்டும் போடாதீர்கள். நனைந்த பருத்தி தன் எடையிலேயே நீண்டுவிடும். நிழலில், பாயின்மேல் ஒரு துண்டை விரித்துக் கிடையாகப் போட்டு, குமிழ்கள் உட்புறம் போயிருந்தால் ஈரம் காயுமுன் விரலால் ஒவ்வொன்றாக முன்னே தள்ளிவிடுங்கள்.